சாதியின் புதிய கருவி: மேலாளரின் விருப்புரிமை

நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் வழக்கு 2020 ஜூன் 30 அன்று தொடங்கியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அரசு சிஸ்கோ நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு அது. சான் ஹோசே தலைமையகத்தில் ஒரு தலித் பொறியாளர் சாதியால் ஒதுக்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. ஆவணங்களில் அவர் ‘ஜான் டோ’ மட்டுமே. ஊரில் பெயரைக் கேட்டதும் தெருவைக் கேட்பார்கள். அங்கே பெயரை மறைத்துத்தான் நீதி கேட்க வேண்டியிருந்தது.

மனு சொல்வது இது. ஆதிக்க சாதி மேலாளர் ஒருவர், இவர் பட்டியல் சாதியினர், இடஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்று சக ஊழியர்களிடம் சொல்லியிருக்கிறார். குழுவில் ஏறக்குறைய எல்லோருமே இந்தியர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர்களிடம் விளக்கவுரை தேவைப்படவில்லை. 2016 நவம்பரில் இவர் மனிதவளத் துறையிடம் முறையிட்டார். பிறகு, இவர் தலைமையேற்றிருந்த இரு தொழில்நுட்பப் பணிகள் பறிக்கப்பட்டன. சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல என்பதே மனிதவளத் துறையின் பதில்.

நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2023 ஏப்ரலில் மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை அரசே கைவிட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு நீடித்தது. இதை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

வசைச்சொல்லைத் தேடினால் இத்தகைய ஒதுக்கல் நம் கண்ணில் படாது. யாருக்கு எந்த வேலை, கூட்டத்துக்கு யாரை அழைப்பது, யார் குழுத் தலைவர், ஆண்டு மதிப்பீட்டில் என்ன எழுதுவது என்பதெல்லாம் மேலாளரின் விருப்புரிமை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில்நுட்பக் காரணம் கைவசம் இருக்கும். ஓராண்டு முக்கியமான வேலை எதையும் தராமல் வைத்திருந்து, முடிவில் ‘பங்களிப்பு போதவில்லை’ என்று எழுதிவிடலாம். அந்தத் தாளில் சாதி என்ற சொல்லே இராது. தகுதி என்ற சொல் இருக்கும்.

வழக்குக்குப் பின் ஆப்பிள் தன் பணியிட விதிகளில் சாதியைச் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை மட்டும் அதே ஆண்டு அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார். இருக்கும் சட்டமே போதும் என்றார். அந்தச் சட்டத்தில் இடமில்லை என்றுதானே மனிதவளத் துறை புகாரைத் திருப்பி அனுப்பியது?

இந்தியாவிலும் நிலைமை மேலல்ல. பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. சாதிப் புகாரை விசாரிக்கத் தனியார் நிறுவனத்தில் அப்படியொரு குழு கட்டாயமில்லை. நாளை வளாகத் தேர்வில் வேலை பெற்றுச் செல்லும் நம் மாணவர், அதே மேலாளருக்கு மேலிருக்கும் மேலாளரிடம்தான் முறையிட வேண்டும்.