எரிந்த மனையில் ஒரு வீடா, நான்கு வீடா? லாஸ் ஏஞ்சல்ஸை உலுக்கும் கேள்வி!

2025 ஜனவரி 7. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரே நாளில் மூண்ட இரண்டு பெரிய காட்டுத்தீக்கள், 16,000-க்கும் அதிகமான கட்டடங்களைச் சாம்பலாக்கின. 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடலோரத்தில் பசிபிக் பாலிசேட்ஸும், மலையடிவாரத்தில் ஆல்டடீனாவும் உருக்குலைந்தன.

தீ அணைந்ததும் இன்னொரு சூடான விவாதம் தொடங்கியது. இழந்த வீட்டை அப்படியே திரும்பக் கட்டுவதா? அல்லது வீட்டுத் தட்டுப்பாட்டில் தவிக்கும் ஊரில், அதே மனையில் கூடுதல் வீடுகள் கட்டுவதா?

சட்டம் என்ன சொல்கிறது?

கலிஃபோர்னியாவில் 2022-ல் அமலுக்கு வந்த 'எஸ்.பி. 9' சட்டப்படி, தனி வீட்டு மனையை இரண்டாகப் பிரித்து நான்கு வீடுகள் வரை கட்டலாம். ஆனால் தீக்குப் பிறகு, பழைய வீட்டின் அளவில் 110 சதவிகிதத்துக்குள் கட்டுபவர்களுக்கே லாஸ் ஏஞ்சல்ஸ் மேயர் கரன் பாஸ் விரைவு அனுமதி அறிவித்தார். ஜூலையில் ஆளுநர் கவின் நியூசம், தீ பாதித்த அதிக ஆபத்துப் பகுதிகளில் எஸ்.பி. 9-ஐக் கட்டுப்படுத்த உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்தார். உடனே பாலிசேட்ஸில் அதற்குத் தடை போட்டார் மேயர்.

காரணம், தப்பிக்கும் பாதை. தீ வந்த அன்று பாலிசேட்ஸ் சாலைகளில் வாகனங்கள் நகரவே முடியவில்லை. மக்கள் கார்களை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். அந்தக் கார்களை புல்டோசரால் ஒதுக்கித்தான் தீயணைப்பு வண்டிகளுக்கு வழி ஏற்படுத்தினார்கள். 'இதில் இன்னும் வீடுகளா?' என்ற பயம் நியாயமானதுதான்.

தீ எப்படித் தாவுகிறது?

பெரும்பாலும் முதலில் வருவது தீச்சுவர் அல்ல. காற்றில் பறந்து வரும் தீப்பொறிகள். அவை கூரையின் காற்றுத் துவாரம் வழியாக நுழைந்து ஒரு வீட்டைப் பற்றவைக்கும். பிறகு அந்த வீட்டின் அனலே பக்கத்து வீட்டை எரிக்கும். சில அடி இடைவெளியில் வரிசையாக நிற்கும் மரச்சட்ட வீடுகள்தான் தீக்கு நல்ல தீனி.

அப்படியானால் நெருக்கம்தான் வில்லனா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. நான்கு தனி மரவீடுகளைவிட, தீ தாங்கும் சுவரும் கூரையும் கொண்ட ஒரே கட்டடத்தில் நான்கு வீடுகள் இருந்தால், வெளியே தெரியும் சுவர்ப்பரப்பு குறைவு. 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டன் நெருக்கத்தை விடவில்லை, மரத்தைத்தான் விட்டது. செங்கல், கல் சுவர்களைக் கட்டாயமாக்கியது.

எது வீட்டைக் காக்கும்?

* எளிதில் தீப்பிடிக்காத கூரை, வெளிச்சுவர்
* காற்றுத் துவாரங்களில் தீப்பொறி நுழையாத நுண்ணிய கம்பிவலை
* அனலில் சட்டென உடையாத இரட்டைக் கண்ணாடி ஜன்னல்
* வீட்டைச் சுற்றி 5 அடிக்குச் செடி, மரவேலி, விறகு இல்லாத வெற்றிடம்

இதற்குச் சாட்சி பாரடைஸ் நகரம். 2018-ல் அங்கே 85 பேரைப் பலிவாங்கிய 'கேம்ப்' தீயில், 2008-ன் கடுமையான கட்டட விதிகளுக்குப் பிறகு கட்டிய வீடுகளில் ஏறக்குறைய பாதி சேதமின்றித் தப்பின. பழைய வீடுகளில் தப்பியவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

யார் திரும்பி வருவார்கள்?

விவாதத்தின் மறுபக்கத்தில் பணம் இருக்கிறது. நிறவெறியால் பல இடங்களில் வீடு வாங்க முடியாமல் தடுக்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்கள், பல பத்தாண்டுகளுக்கு முன் சொந்த வீடு வாங்கிக் குடியேறிய ஊர் ஆல்டடீனா. காப்பீட்டுத் தொகை போதாத குடும்பத்துக்கு, மனையில் பாதியை விற்பதோ, கூடுதலாக ஒரு வாடகை வீடு கட்டுவதோதான் ஊரைவிட்டுப் போகாமலிருக்க வழியாக அமையலாம். வாடகைக்கு இருந்தவர்கள் திரும்பி வரவும் அப்படிப்பட்ட வீடுகள் வேண்டும்.

ஒரே வழிகொண்ட மலைச்சரிவில் நான்கு வீடுகள் ஆபத்து. பல திசைகளில் வெளியேறும் சாலைகள் உள்ள சமவெளித் தெருவில், தீ தாங்கும் சுவர்களோடு எழும் நான்கு வீடுகள் நான்கு குடும்பங்களுக்கு வாழ்வு. இரண்டுக்கும் ஒரே விதி போட்டால், ஓரிடத்தில் உயிர் போகும். இன்னோரிடத்தில் ஊர் போகும்.