உயிலோடு நீதிமன்றம் போகும் முன்

சென்னையில் வீடு வைத்திருந்த ஓர் இந்து உயில் எழுதிவிட்டுக் கண்ணை மூடினால், அந்த உயிலை நம்பியிருப்பவர்கள் அண்மைக்காலம் வரை உயர் நீதிமன்றத்துக்குப் போயே ஆகவேண்டியிருந்தது. இது இறந்தவரின் கடைசி உயில்தான், முறைப்படி எழுதப்பட்டதுதான் என்று நீதிமன்றம் சரிபார்த்து முத்திரையிட்டுத் தருவதே புரொபேட். அது கையில் இல்லாமல், உயிலைக் காட்டி எந்த நீதிமன்றத்திலும் உரிமையை நிலைநாட்ட முடியாது என்றது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 213-வது பிரிவில். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. இனி உயிலோடு நீதிமன்ற வாசலை மிதிக்கும் வேலை இல்லை என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். போனது கட்டாயம் மட்டும்தான். தகராறு என்று வந்தால் உயிலை நிரூபிக்கவேண்டிய பாரம் அணுவளவும் குறையவில்லை. அதற்குத் தயாராவது என்றால் பெரும்பாலானவர்கள் காகிதம் சேர்ப்பதில் இறங்குகிறார்கள். சாட்சியைத்தான் முதலில் தேடியிருக்க வேண்டும்.

நீக்கப்பட்ட விதிக்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. 1870-இல் கொண்டுவந்த இந்து உயில்கள் சட்டத்தின் எச்சம் அது. வங்காளம், சென்னை, பம்பாய் என்று வெள்ளைக்காரன் நீதிமன்றம் வேரூன்றிய இடங்களுக்காக வகுத்த எல்லைக்கோடு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது. உயில் சென்னை நகர எல்லைக்குள் எழுதப்பட்டிருந்தாலோ, எங்கே எழுதியிருந்தாலும் சொத்து அந்த எல்லைக்குள் இருந்தாலோ புரொபேட் கட்டாயமாக இருந்தது. மதுரையில் எழுதி மதுரைச் சொத்தை மட்டும் பேசும் உயிலுக்கு அது வேண்டியிருக்கவில்லை. இஸ்லாமியர்களுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததே இல்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் விலக்கு கிடைத்தது. ஒரே மாநிலத்தில் மதத்தையும் முகவரியையும் பார்த்து மாறிய இந்த வேறுபாட்டுக்கு இன்றைக்கு நியாயம் சொல்வது கடினம். ஆனால் மதுரைக்காரரின் நிலை நமக்கு வேறொன்றையும் காட்டுகிறது. புரொபேட் கட்டாயம் இல்லாத மாவட்டங்களிலும் உயில் வழக்குகள் சிவில் நீதிமன்றங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டுதான் இருந்தன. அங்கேயும் உயிலைக் காட்டியவரிடம் கேட்கப்பட்டது இதே நிரூபணம்தான். சென்னை இப்போது மதுரையின் நிலைக்கு வந்திருக்கிறது, அவ்வளவே.

புரொபேட் நீதிமன்றத்தின் வேலை மிகக் குறுகலானது. இறந்தவர் தெளிந்த மனத்தோடு, சுயவிருப்பத்தில், சட்டம் சொல்லும் முறையில் இதை எழுதினாரா, இதுதான் கடைசியா என்பதை மட்டுமே அது பார்க்கும். வீடு இறந்தவருடையதா, பூர்வீகச் சொத்தில் அவருக்குப் பங்கு எவ்வளவு, அண்ணன் பெயரில் இருக்கும் மனைக்குப் பணம் கொடுத்தது யார் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. சொத்தின் உரிமைமூலத்தைப் புரொபேட் நீதிமன்றம் முடிவுசெய்வதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1950-களிலிருந்தே திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. இது தெரியாமல் குடும்பங்கள் நாற்பது வருடத்து மனத்தாங்கலையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போகின்றன. தாய்ப் பத்திரம் முதல் வீட்டு வரி ரசீது வரை கோப்பு கனக்கிறது. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

அந்த இருவரில்தான் எல்லாம் இருக்கிறது. வாரிசுரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, எழுதியவர் கையெழுத்திட வேண்டும். அவர் கையெழுத்திட்டதை நேரில் பார்த்தவர்கள், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவர் வாயால் ஒப்புக்கொள்ளக் கேட்டவர்கள், குறைந்தது இருவர், அவர் முன்னிலையில் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். நீதிமன்றத்தில் அந்த இருவரில் ஒருவராவது வந்து சொன்னால்தான் உயில் நிரூபணமாகும். பழைய சாட்சியச் சட்டத்தின் 68-வது பிரிவு சொன்னதை, 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 67-வது பிரிவு அப்படியே வைத்திருக்கிறது. ஒருவர் போதும் என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜானகி நாராயண் போயிர் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியபடி, கூண்டில் ஏறும் அந்த ஒருவர் தன் கையெழுத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்க முடியாது. மற்ற சாட்சியும் முறைப்படி கையெழுத்திட்டார் என்பதற்கும் அவர் வாக்குமூலம் ஈடுகொடுக்க வேண்டும். 'நான் போட்டேன், போய்விட்டேன், பிறகு யார் போட்டார்களோ தெரியாது' என்று அவர் சொன்னால், மோசடி எதுவுமே நடக்காத உயிலும் அந்த இடத்திலேயே தடுமாறும்.

ஆகவே முதல் வேலை அந்தச் சாட்சிகளைத் தேடிப் பிடிப்பது. முடிந்தால் மனுவோடு சேர்க்கவேண்டிய சாட்சியின் சரிபார்ப்பையும் பிரமாண வாக்குமூலத்தையும் அவர் நினைவு தெளிவாக இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். நடமாட முடியாதவரை வீட்டிலேயே விசாரிக்க ஆணையர் நியமிக்கக் கேட்கலாம். இருவரும் இறந்திருந்தாலோ கண்டுபிடிக்க முடியாமற்போனாலோ, ஒரு சாட்சியின் கையெழுத்தையும் உயில் எழுதியவரின் கையெழுத்தையும் அடையாளம் காட்டி நிரூபிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு அவர்கள் கையெழுத்திட்ட வேறு பழைய ஆவணங்கள் தேவைப்படும். இது சாட்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை ஆகாதா என்று கேட்கலாம். உயிலின் நகலை அவரிடம் காட்டி, அன்றைக்கு நடந்ததை நினைவுபடுத்திப் பார்க்கச் சொல்வதில் தவறில்லை. நடக்காததைச் சொல்லச் சொன்னால்தான் குற்றம். அதோடு, ஒப்பித்த சாட்சி குறுக்கு விசாரணையில் தாக்குப்பிடிப்பதும் அரிது.

சாட்சி வந்துவிட்டால் மட்டும் முடிந்தது என்றும் இல்லை. 1958-இல் வெங்கடாசல அய்யங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இன்றும் நடைமுறையில் இருக்கிறது: உயிலைச் சுற்றிச் சந்தேகச் சூழல் இருந்தால், அதை விலக்கவேண்டியது உயிலைக் கொண்டுவந்தவரின் பொறுப்பு. நடுங்கிய கையெழுத்து, தளர்ந்த மனநிலை, காரணம் சொல்லாமல் நெருங்கிய வாரிசை ஒதுக்கியிருப்பது, பெரும்பங்கு பெறுபவரே உயில் எழுதும் ஏற்பாட்டை முன்னின்று நடத்தியது ஆகியவை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியவை. நம் வீடுகளில் கடைசியாகச் சொன்னது சர்வசாதாரணம். அப்பாவைப் பார்த்துக்கொண்ட மகன்தான் வக்கீலிடம் கூட்டிப்போவான், அவனே பத்திர அலுவலகத்துக்கு ஆட்டோ பிடிப்பான், அவனுக்கே வீடும் எழுதப்படும். அதில் வஞ்சகம் இல்லாமலிருக்கலாம். ஆனால் அதை விளக்கும் கடமை அவனுக்கு உண்டு. அந்தக் காலத்து மருத்துவச் சீட்டுகள், உயில் எழுதிய பிறகும் இறந்தவர் தானே போய் வங்கி வேலைகளைப் பார்த்ததற்கான தடயங்கள், உயிலைத் தயாரித்தவரின் சாட்சியம் ஆகியவை இங்கே தாய்ப் பத்திரத்தைவிடப் பெறுமானம் உள்ளவை.

பதிவு செய்த உயிலுக்கு இத்தனையும் எதற்கு என்பது அடிக்கடி எழும் கேள்வி. உயிலைப் பதிவது கட்டாயமில்லை. அதற்கு முத்திரைத்தாளும் வேண்டாம். பதிந்தால் காகிதம் தொலையாது, தேதி மாறாது, சார்பதிவாளர் முன் ஆள் நேரில் வந்தார் என்பது பதிவில் இருக்கும். இவை நல்ல துணைச் சான்றுகள். ஆனால் சாட்சியை விசாரித்து நிரூபிக்கும் கடமையிலிருந்து பதிவு விலக்கு அளிப்பதில்லை. விற்பனைப் பத்திரத்தைப் போலவே உயிலையும் நினைத்து, பதிந்த கையோடு சாட்சிகளை மறந்துவிடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

காகிதங்களைப் பொறுத்தவரை அசல் உயிலும் இறப்புச் சான்றிதழும் அடிப்படை. பத்திரத்தில் முன்னெழுத்து மட்டும், ஆதாரில் தகப்பனார் பெயர் முழுவதும், உயிலில் ஊர்ப்பெயரும் சேர்ந்து என்று ஒரே மனிதர் மூன்று பெயர்களில் இருப்பது நமக்குப் பழக்கம்; மூவரும் ஒருவரே என்று காட்டும் சான்றை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. உயிலில் நிறைவேற்றுநராக நியமிக்கப்பட்டவருக்கு மட்டுமே புரொபேட் கிடைக்கும். அப்படி யாரையும் நியமிக்காத உயிலுக்கு, உயில் இணைத்த நிர்வாக உரிமைப் பத்திரம் கேட்டு மனு போட வேண்டும்; மனுவின் தலைப்பே மாறிவிடும் என்பதால் உயிலை ஒருமுறை நிதானமாகப் படிப்பது பயன் தரும். தமிழில் எழுதிய உயிலை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் மொழிபெயர்ப்பும் சேரவேண்டும். நீதிமன்றக் கட்டணம் சொத்து மதிப்பை ஒட்டியது என்பதால் சொத்துப் பட்டியலும் கடன் பட்டியலும் சரியாக இருக்க வேண்டும். இறந்து ஏழு முழு நாள் கழியாமல் புரொபேட் வழங்கப்படாது. காலம் கடந்து போவதுதான் நம்மிடம் அதிகம். கட்டாயம் எடுபட்டுவிட்டதால் இனி இன்னும் தாமதிப்பார்கள் என்றே தோன்றுகிறது. புரொபேட் மனுவுக்கும் மூன்றாண்டு வரையறை பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்னது. அந்தக் காலம் இறந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும் என்று சொல்லவில்லை. ஆனாலும் தாமதத்துக்குக் காரணம் சொல்லியாக வேண்டும், தாமதமே ஒரு சந்தேகமாகவும் எழும்.

கட்டாயமில்லாதபோது ஏன் வலியப் போகவேண்டும், சும்மா இருக்கும் பங்காளிகளுக்கு நோட்டீஸ் அனுப்பி ஏன் கிளப்பிவிட வேண்டும் என்பதுதான் வலுவான மறுப்பு. இதில் நியாயம் உண்டு. எல்லா வாரிசுகளும் உயிலை ஒப்புக்கொண்டு, பட்டாவும் வங்கிக் கணக்கும் தகராறின்றி மாறிவிடும் குடும்பம் நீதிமன்றத்துக்குச் செலவழிப்பது வீண். ஆனால் ஒரு பிள்ளை ஒதுக்கப்பட்டிருந்தால், இரண்டாம் திருமணம் இருந்தால், வெளிநாட்டு வாரிசு வாய் திறக்காமல் இருந்தால் கணக்கு வேறு. சாதாரண சிவில் வழக்கில் கிடைக்கும் தீர்ப்பு அந்த வழக்கில் இருந்தவர்களை மட்டுமே கட்டும். புரொபேட் ஊர் உலகத்தையே கட்டும். சொத்தை வாங்க வருபவரும் கடன் கொடுக்கும் வங்கியும் பார்ப்பது அதைத்தான். பங்காளி இன்றைக்குச் சும்மா இருக்கிறார் என்பதற்காக இருபது ஆண்டு கழித்து அவர் மகனும் சும்மா இருப்பான் என்று சொல்ல முடியாது. அன்றைக்குச் சாட்சிகள் இருவரும் உயிரோடு இருப்பார்கள் என்பதற்கும் உறுதியில்லை.

அப்படி மனுப் போடுகிறவர் வாரிசுகளின் பட்டியலில் காட்டும் கவனம்தான் கடைசியில் புரொபேட்டைத் தாங்கும். மனுவை ஏற்றபின் நீதிமன்றம், உயில் இல்லாவிட்டால் பங்கு பெற்றிருக்கக்கூடியவர்கள் உட்பட, அக்கறையுள்ள அனைவருக்கும் அறிவிப்பு அனுப்பும். யாரேனும் கேவியட் எனும் ஆட்சேபம் போட்டு எதிர்த்தால் மனு முழு வழக்காக மாறும். இந்து ஆண் இறந்தால் மனைவி, மக்களோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. முன்பே இறந்துபோன மகளின் பிள்ளைகளும் அப்படியே விடுபடுகிறார்கள். தொடர்பு அறுந்த உறவினரின் முகவரியைத் தேடுவது சலிப்பான வேலைதான். ஆனால் அறிவிப்புப் பெறவேண்டியவருக்கு அனுப்பாமல் வாங்கிய புரொபேட்டை ரத்து செய்ய வாரிசுரிமைச் சட்டத்தின் 263-வது பிரிவு இடம் தருகிறது. புரொபேட் வழங்கிய ஆறு மாதத்துக்குள் சொத்து விவரப் பட்டியலையும் ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் தாக்கல் செய்யாமல், தக்க காரணமின்றி வேண்டுமென்றே விட்டுவிட்டாலும் அதே பிரிவு பாயும்.