நோய் தீர்ந்த பின்னும்

"நோய்தான் தீர்ந்துவிட்டதே, இன்னும் ஏன் மருத்துவரைத் தேடிப் போகிறாய்?" என்று திருப்பதி விடுதி நண்பர்கள் என்னைக் கேட்கின்றனர். விடையை நம் மன்ற இதழிலேயே கூறுகிறேன்.

பிழைப்புக்காகச் சித்தூருக்குக் குடிவந்த குடும்பம் எங்களுடையது. அங்கே 14ஆம் வயதில் என் கழுத்தில் கட்டி தோன்றியது. ஹாட்ஜ்கின் என்னும் நிணநீர்ப் புற்றுநோய் அது. அதைத் தீர்த்த மருந்துகளுள் ஒன்று டாக்சோரூபிசின். அது புற்றணுக்களைக் கொல்வதோடு இதயத் தசையணுக்களையும் கெடுக்கும். கெட்ட தசையணுக்கள் மீண்டும் தோன்றுவது அரிது. எஞ்சியவையே வளரும் உடல் முழுமைக்கும் உழைக்க வேண்டும். ஆதலால் தளர்ச்சி பல்லாண்டு கழித்தும் வெளிப்படலாம். எக்கோ சோதனை அதை முன்னரே காட்டக்கூடும்.

ஏறிய மருந்தின் மொத்த அளவு, உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமை எட்டினால், ஈராண்டுக்கு ஒருமுறை அச்சோதனை வேண்டும் என்பது மருத்துவர் வகுத்த நெறி. எனக்குத் தடவைக்கு 25; 12 தடவை; ஆக 300.

இக்கணக்கு எப்படித் தெரிந்தது? மணப்பேச்சுக்குத் தடையாகும் என்று மாமா எரிக்கச் சொன்ன மருத்துவச் சீட்டுகளை அம்மா டிரங்குப் பெட்டியில் காத்து வைத்திருந்தார். சென்ற திங்கள் சோதித்ததில் இதயம் நலமே.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, சிகிச்சை முடித்த சிறார்க்கென்றே 1991இல் தனிப் பிரிவு தொடங்கியது. நம்மிடையேயும் அத்தகையோர் இருக்கலாம். தோழர்களே, மறைப்பதற்கு இது குற்றமன்று. சீட்டைத் தேடி எடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.