முள் குத்தியது காலில்! நெறி கட்டியது தொடையில்! ஊசி போட்டது கையில்! ஏன்?



இந்தச் சுவரிதழில் எல்லோரும் கதை, கவிதை, விடுகதை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு முள்ளைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

போன மாதம் என் தம்பி பந்து எடுக்கப் போய்க் கருவேல முள்ளை மிதித்துவிட்டான். அம்மா ஊக்கால் முள்ளை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் குதிகால் வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. அதோடு தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி! தொட்டாலே கத்தினான். அப்பாயி, "பயப்படாதய்யா, முள்ளுக் குத்துனா நெறி கட்டத்தான் செய்யும்" என்றார்கள். தம்பி அழுதுகொண்டே, "முள்ளு கால்லதானே குத்துச்சு, இங்க ஏன் வீங்குது?" என்று கேட்டான். அப்பாயிக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் அம்மா புண்ணைச் சுத்தம் செய்து, மாத்திரை கொடுத்து, கையில் ஓர் ஊசி போட்டார்கள். "பத்து வயசுப் பிள்ளைங்களுக்கு பள்ளிக்கூடத்துல ஊசி போட்டாங்களே, நீ போட்டுக்கலையா?" என்று கேட்டார்கள். தம்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஊசி போடுவதற்கு முதல் நாள், "ஊசி இம்மாம் பெருசு இருக்கும், எலும்பு வரைக்கும் போகும்" என்று அவனைப் பயமுறுத்தியது நான்தான். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவன் மறுநாள் வயிற்று வலி என்று பொய் சொல்லி வீட்டிலேயே படுத்துக்கொண்டான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் என்னைத் திட்டவில்லை. "அக்கா, கையில ஊசி போட்டா அது காலுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அவனுக்குப் பதில் சொல்வதற்காக அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். நூலகப் புத்தகமும் படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

தோலுக்குள் ஒரு காவல்காரர்

நம் தோலுக்குள் சில செல்கள் மரக்கிளை போலக் கைகளை நீட்டிக்கொண்டு காவல் காக்கின்றன. 1868-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பால் லாங்கர்ஹான்ஸ் என்பவர் இவற்றை முதலில் பார்த்தார். அப்போது அவர் ஒரு மருத்துவ மாணவர்! ஆனால் அவர் இவற்றை நரம்புச் செல்கள் என்று நினைத்துவிட்டார். 1973-இல் அமெரிக்காவில் ரால்ஃப் ஸ்டைன்மன், சான்வில் கோன் என்ற இருவர் எலியின் மண்ணீரலில் இதே மாதிரிக் கிளைவிட்ட செல்களைக் கண்டுபிடித்தார்கள். கிரேக்க மொழியில் 'டென்ட்ரான்' என்றால் மரம். அதனால் 'டென்ட்ரைட்டிக் செல்' என்று பெயர் வைத்தார்கள். நாம் கிளைச் செல் என்று சொல்லலாம்.

ஒற்றைச் செருப்பும் ஊர்ச் சாவடியும்

ஊருக்குள் கோழித் திருடன் வந்தான் என்று வையுங்கள். காவல்காரர் விரட்டினார். திருடனின் ஒற்றைச் செருப்பு அவர் கையில் மாட்டியது. அவர் என்ன செய்வார்? அதை எடுத்துக்கொண்டு நேரே ஊர்ச் சாவடிக்குப் போய், "இது யாரோடதுன்னு பாருங்கப்பா" என்று காட்டுவார் அல்லவா? கிளைச் செல் செய்வதும் இதுதான்.

முள்ளோடு கிருமிகள் உள்ளே நுழைந்ததும் கிளைச் செல் ஒரு கிருமியை விழுங்குகிறது. அதைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டைத் தன் மேல் ஒரு தட்டில் வைத்துக்கொள்கிறது. அந்தத் துண்டுதான் ஆன்டிஜென். அந்தத் தட்டுக்கு எம்.எச்.சி. என்று பெயர். சீர்வரிசைத் தட்டு மாதிரி எல்லோருக்கும் தெரியும்படி ஏந்திக்கொண்டு, நிணநீர் நாளம் வழியாகப் புறப்படுகிறது.

போய்ச் சேரும் இடம் எது தெரியுமா? நிணநீர் முடிச்சு! அதுதான் சாவடி. நம் உடம்பில் இப்படிச் சுமார் 600 முடிச்சுகள் இருக்கின்றன. காலில் இருந்து வரும் வழியில் தொடை இடுக்கிலும், கையில் இருந்து வரும் வழியில் அக்குளிலும் இருக்கின்றன.

அந்தச் சாவடியில் கூடியிருப்பவை டி செல்கள். தைமஸ் என்ற சுரப்பியில் பயிற்சி பெற்று வருவதால் அதன் முதல் ஆங்கில எழுத்தே பெயராகிவிட்டது. ஒவ்வொரு டி செல்லுக்கும் அடையாளம் தெரிவது ஏறக்குறைய ஒரே வடிவம்தான். அதனால் எல்லா டி செல்லும் வந்து தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியாது" என்று நகர்ந்துவிடும். எங்கோ ஒன்று மட்டும், "எனக்குத் தெரியும்!" என்று ஒட்டிக்கொள்ளும்.

வெறும் துண்டை மட்டும் காட்டினால் டி செல் கண்டுகொள்ளாது. நம் உடம்பின் தட்டில் வைத்துக் காட்ட வேண்டும். இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் டோஹர்ட்டி, ரோல்ஃப் சிங்கர்நாகல் இருவருக்கும் 1996-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. "இவன் நிஜமாவே திருடன்தான்" என்று கிளைச் செல் இரண்டாவதாக ஒரு சைகையும் கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் டி செல் கிளம்பாது. ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஆள் மாறினால் நம் உடம்பையே அடித்துவிடுமே!

இரண்டும் சரியாக இருந்தால் அந்த ஒரு டி செல் இரண்டாகி, நான்காகி, சில நாட்களில் ஆயிரக்கணக்கில் பெருகுகிறது. சாவடியில் கூட்டம் கூடினால் இடம் நெருக்கும் அல்லவா? அந்த நெருக்கடிதான் வீக்கம். அதுதான் அப்பாயி சொன்ன நெறி! தம்பி அழுத இடத்தில் அவனுக்காகப் படை திரண்டுகொண்டிருந்திருக்கிறது.

கையில் போட்ட ஊசி காலுக்கு எப்படித் தெரியும்?

தம்பிக்குப் போட்டது இரணஜன்னித் தடுப்பூசி. அதில் இருப்பது இரணஜன்னிக் கிருமியின் விஷம், ஆனால் கெடுதல் செய்யாதபடி மாற்றிய விஷம். கையில் உள்ள கிளைச் செல்கள் அதை எடுத்துக்கொண்டு அக்குளில் உள்ள முடிச்சுக்குப் போய்க் காட்டுகின்றன. அங்கே விழித்த டி செல்கள் பி செல்களுக்கு உதவி செய்ய, பி செல்கள் எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கின்றன. அவை இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் சுற்றும். கால் மட்டும் விதிவிலக்கா? தம்பி, உன் கேள்விக்கு இதுதான் பதில்.

இன்னொரு ஆச்சரியம். இரணஜன்னி வந்து பிழைத்தவருக்கும் அது மறுபடி வரலாம். அந்த விஷம் கொஞ்சூண்டு இருந்தாலே ஆளைக் கொன்றுவிடும். அந்தக் கொஞ்சத்தைப் பார்த்து டி செல்கள் பாடம் படிக்க முடியாது. தடுப்பூசி ஒன்றுதான் பாடம் சொல்லித் தரும். படித்த பாடம் மறக்காமல் இருக்கத்தான் 10 வயதிலும் 16 வயதிலும் மறுபடி போடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: எல்லாக் கட்டியும் நெறி ஆகிவிடாது. புண் ஆறிய பிறகும் இரண்டு மூன்று வாரமாகக் கட்டி கரையாவிட்டாலும், புண்ணே இல்லாமல் கட்டி வந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்டைன்மன் கதையைச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. அவர் சொன்னதை முதலில் பல விஞ்ஞானிகள் நம்பவில்லை. அவர் விடவில்லை. தனக்குக் கணையப் புற்றுநோய் வந்தபோது கிளைச் செல்களை வைத்தே தனக்கு வைத்தியம் செய்து பார்த்தார். நாலு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். 2011 அக்டோபர் 3-ஆம் தேதி அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அறிவித்தவர்களுக்கு அது தெரியாது. இறந்தவருக்குப் பரிசு தருவது வழக்கமில்லை. ஆனாலும் அவருக்கே கொடுத்தார்கள்.

நண்பர்களே! அடுத்த முறை ஊசி போட வரும்போது யாரும் வயிற்று வலி என்று படுத்துக்கொள்ளாதீர்கள். ஊசி எலும்பு வரைக்கும் போகாது, எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும். அக்கா, அண்ணன்களே! தம்பி தங்கைகளைப் பயமுறுத்தாதீர்கள். நான் செய்த தப்பை நீங்களும் செய்ய வேண்டாம்.

தம்பிக்குப் புண் ஆறிவிட்டது. நெறியும் கரைந்துவிட்டது. மறுபடி பந்து எடுக்கப் போகிறான், செருப்புப் போட்டுக்கொண்டு!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி