கூரைப் பூச்சில் விரிசலா? உடனே கவனியுங்கள்!

நம் வணிகர்களில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. சரக்கின் மீது வைக்கும் கண்ணைத் தலைக்கு மேலிருக்கும் கூரை மீது நாம் வைப்பதில்லை. மெல்லிய கோடாகத் தோன்றும் விரிசல், ஒரு மழைக்காலம் கழிந்ததும் பூச்சுப் பாளமாகப் பெயர்ந்து விழலாம். அதற்குக் கீழே தொட்டிலும் இருக்கலாம், கல்லாப் பெட்டியும் இருக்கலாம். எனவே விரிசலின் தன்மை அறிந்து செயல்படுவது அவசியம்.

எந்த வகை விரிசல்?

மயிரிழை போலச் சிலந்தி வலையாகப் படர்ந்திருந்தால், பெரும்பாலும் பூச்சு வேகமாக உலர்ந்ததே காரணம். இதனால் ஆபத்து இல்லை. சுவரும் கூரையும் சேரும் இடத்தில் நீளமாக ஓடும் கோடு, வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. ஒரே நேர்க்கோட்டில் ஓடி, பழுப்பு நிறக் கறையும் தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துள்ளது என்று பொருள். துரு ஏறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இதுவே பயப்பட வேண்டிய விரிசல்.

இரண்டு எளிய சோதனைகள்

ஒன்று: மரக்கட்டையால் விரிசலைச் சுற்றி மெல்லத் தட்டுங்கள். கெட்டியான ஒலி வந்தால் பூச்சு பிடிப்போடு உள்ளது. 'தொம் தொம்' என்று வெற்றொலி வந்தால் அது தளத்தை விட்டு விலகிவிட்டது.

இரண்டு: விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். சில மாதங்களில் கோட்டைத் தாண்டினால் விரிசல் வளர்கிறது. அப்போது பொறியாளரைக் காட்டாமல் பூசக் கூடாது.

முதலில் மேல்தளம்

நீர்க்கசிவை நிறுத்தாமல் கீழே எத்தனை முறை பூசினாலும் பணம் வீண். மாடியில் தட்டோட்டு இணைப்புகள், மழைநீர்க் குழாய் வாய், தண்ணீர்த் தொட்டியின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையானால் தேக்கு உத்திரங்களின் முனைகள் செல்லரித்துள்ளனவா என்றும் பார்க்க வேண்டும்.

பழுது பார்க்கும் முறை

1. மின்சாரத்தை நிறுத்தி, மின்விசிறியைக் கழற்றி, கீழுள்ள பொருள்களை அப்புறப்படுத்துங்கள். கண்ணாடி அணிந்து, மூக்கில் துணி கட்டிக் கொள்ளுங்கள்.

2. மெல்லிய விரிசலை உளியால் 'வி' வடிவில் சற்று அகலப்படுத்தித் தூசியைத் துடையுங்கள். பட்டியை இரண்டு தடவையாக அழுத்தி நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு வெள்ளையடியுங்கள். சுவர் ஓரக் கோட்டுக்கு வலைநாடா ஒட்டி, அதன் மேல் பட்டி தடவினால் மீண்டும் வெடிப்பது குறையும்.

3. வெற்றொலி வந்த பகுதியைத் தயங்காமல் முழுவதும் உடைத்தெடுங்கள். தளத்தைக் கொத்திவிட்டு, நனைத்து, சிமெண்ட் பால் அடித்து, அது காய்வதற்குள் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று முதல் நான்கு பங்கு சலித்த மணல் சேர்த்துப் பூசுங்கள். கூரைப் பூச்சுக்கு 6 மில்லிமீட்டர் கனம் போதும். கனத்தால் பலம் கூடாது, பாரமே கூடும். 7 நாள் தண்ணீர் தெளிப்பது கட்டாயம்.

4. பிளாஸ்டர் ஆப் பாரிஸ் கூரையானால் மாவைத் தண்ணீரில் தூவிச் சிறிது சிறிதாகக் கலக்குங்கள்; சில நிமிடங்களில் இறுகிவிடும். ஈரம் கசியும் இடத்துக்கு அது ஆகாது.

5. கம்பி தெரிந்தால் கொத்தனாரோடு முடிக்காதீர்கள். துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, உரிய கலவையால் மூட வேண்டும். பட்டி தடவி மறைப்பது நோயை மூடி வைப்பதற்குச் சமம்.

வாடகைக் கட்டடமா?

உரிமையாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்து நகல் வைத்துக் கொள்ளுங்கள். நாள்பட்ட தேய்மானத்தால் வரும் சேதத்துக்குப் பொதுவாகக் காப்பீட்டில் இழப்பீடு கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் கோடையிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையிலும் கிடங்கிலும் வீட்டிலும் அண்ணாந்து பார்த்துவிடுவோம். சிறு செலவில் முடிவதைப் பெருஞ்செலவாக்காமல் இருப்பதும் வணிகத்தில் ஒரு லாபமே!