சிவப்பு விளக்கு எரியும்போது



வாகனத்தின் சாவியைத் திருப்பியதும் சாரதிக்கு முன்னால் பல சிறு விளக்குகள் ஒன்றாக எரிவதையும், எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் அவை அணைந்துவிடுவதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். அணையாமல் நிற்கும் விளக்கு நம்மோடு பேசுகின்றது. மஞ்சள் நிறமாயின், விரைவில் கவனி என்பது அதன் பொருள். சிவப்பாயின், இப்போதே நிறுத்து என்பது பொருள். அந்தச் சிறு விளக்கை அசட்டை செய்ததன் விலையை நான் அறிவேன். அதை உங்களிடம் சொல்வது என் கடமை என்று எண்ணுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆவணி மாத நண்பகல். மன்னார் - பூநகரி வீதியை அண்டிய கிராமம் ஒன்றில் முதியவர் ஒருவர் மரணத் தறுவாயில் இருப்பதாகவும், நோயிற்பூசுதல் பெற விரும்புவதாகவும் செய்தி வந்தது. உடனே புறப்பட்டேன். ஆனால் என் வாகனத்தின் வெப்பநிலை முள் வழமையைவிட மேலேறி நிற்பதை மூன்று நாட்களாகவே கண்டிருந்தேன். ஒவ்வொரு காலையிலும் றேடியேற்றரில் தண்ணீர் குறைந்திருக்கும். ஒரு போத்தல் ஊற்றிவிட்டு ஓடுவேன். ஞாயிறு திருப்பலி முடியட்டும், கராஜுக்குக் கொண்டுபோகலாம் என்று ஒத்திவைத்தேன். ஊற்றிய தண்ணீர் எங்கே போகின்றது என்று ஒருநாளும் தேடவில்லை.

பாதி வழியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவசரம் என்னை நிறுத்த விடவில்லை. சற்று நேரத்தில் முள் தானாகவே கீழே இறங்கியது, விளக்கும் அணைந்தது. கடவுளுக்கு நன்றி சொன்னேன். அடுத்த சில நிமிடங்களில் எஞ்சின் முக்கி முனகி நின்றுவிட்டது. நிழலற்ற அந்த வீதியில் நெடுநேரம் காத்திருந்து, உழவு இயந்திரம் ஒன்றில் ஏறி அவ்வீட்டை அடைந்தபோது முற்றத்தில் அழுகுரல் கேட்டது. இறந்தவருக்கு அந்த அருட்சாதனத்தை வழங்க இயலாது. மரித்தோருக்கான செபத்தைச் சொல்லி முடித்தேன். அவருடைய மனைவி கண்களைத் துடைத்துக்கொண்டு, "வெயிலுக்குள்ளால வந்திருக்கிறீங்கள் சுவாமி, முதல்ல தண்ணி குடியுங்கோ" என்றார். அவர் என்னைக் கடிந்திருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும்.

மறுநாள் மெக்கானிக் எஞ்சினைத் திறந்து காட்டினார். குழாய் ஒன்றில் சிறு வெடிப்பு. அதனூடாகத் தண்ணீர் முற்றாக ஒழுகிப் போயிருந்தது. வெப்பத்தை உணரும் கருவி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாக உணரும். தண்ணீர் வற்றியதும் அது ஏமாந்துவிட்டது. முள் இறங்கியது எஞ்சின் குளிர்ந்ததால் அன்று, உணர்வு இழந்ததால். வெப்பத்தில் எஞ்சினின் தலைப்பகுதி வளைந்து போயிருந்தது. அன்று குழாயை மாற்றச் செலவாகக்கூடிய தொகையைப்போல் பன்மடங்கை அந்தத் தாமதம் கேட்டது.

அன்பானவர்களே, நம் மனச்சான்றும் இத்தகைய விளக்கே. தீய பழக்கத்தின் தொடக்கத்தில் அது மஞ்சளாய் எரிகின்றது. மதுக்கிண்ணத்தை எடுக்கும்போதும், மனைவியின் மீது கையை ஓங்கும்போதும் அது சிவப்பாகின்றது. தொடர்ந்து ஓடினால் ஒருநாள் அது அணைந்துவிடும். இப்போது எனக்கு உறுத்தல் இல்லை என்று மகிழ்கின்றோமே, அதுவே மிகப் பெரிய அபாயம். சூட்டுக்கோலால் சுடப்பட்டு மரத்துப்போன மனச்சான்றைப் பற்றித் தூய பவுல் திமொத்தேயுவுக்கு எழுதியதை நினைவுகூருங்கள்.

தாவீதின் விளக்கும் அவ்வாறே அணைந்திருந்தது. உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைக் கொல்வித்த பின்னும் அவர் அரியணையில் அமைதியாக இருந்தார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியின் கதையோடு நாத்தான் இறைவாக்கினர் வந்தபோதே விளக்கு மீண்டும் எரிந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு நாத்தான் இருக்கக்கூடும். "அப்பா, ஏன் இப்பிடிக் கத்துறீங்கள்?" என்று கேட்கும் பிள்ளையின் குரலை அடக்கிவிடாதீர்கள்.

ஊற்றி ஊற்றி ஓடுவதும் போதாது. ஒரே பாவத்தைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றோம். அது எந்த வெடிப்பின் வழியாக ஒழுகுகின்றது என்று தேடுகின்றோமா? நம் வாகனங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை புகைப் பரிசோதனை உண்டு. சாவான பாவங்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அறிக்கையிடத் திருச்சபையும் பணிக்கின்றது. ஆனால் வெப்பநிலை முள்ளை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் சாரதி எவரும் இல்லை. தூய இஞ்ஞாசியார் அன்றாட ஆன்ம சோதனையை வலியுறுத்தியது இதனாலன்றோ?

இன்னுமொன்று. கொதிக்கும் எஞ்சினின் றேடியேற்றர் மூடியை உடனே திறக்கலாகாது. உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்ததும் ஆவியாய்ப் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். குடும்பத்தில் சினம் கொதிக்கும் வேளையிலும் அவ்வாறே. முதலில் நிறுத்துங்கள். மௌனமாய் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். ஆறிய பின் மூடியைத் திறந்து பேசுங்கள். ஆயினும் பேசாமலே உறங்கிவிடாதீர்கள். பொழுது சாயுமுன் சினம் தணிய வேண்டும் என்பதும் பவுலின் அறிவுரையே.

இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் ஐந்து நிமிடம் அமைதியாய் இருங்கள். என்னுள் எந்த விளக்கு எரிகின்றது? எது எரியாமல் அணைந்து கிடக்கின்றது? யாரோ ஒருவர் நம் வருகைக்காக வழிபார்த்துக் கிடக்கின்றார். பிந்திப் போகாதிருக்கும் அருளை ஆண்டவர் நம் அனைவருக்கும் தருவாராக!