ஷாப்புக்கே திரும்பிப் போனவர்கள்: மார்டேல் கிரீன் பற்றிச் சில குறிப்புகள்

இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் ஏரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் ஹாஸ்வாட்டர் என்று ஒரு ஏரி இருக்கிறது. அதன் தென்முனையில், தண்ணீருக்கு அடியில், மார்டேல் கிரீன் என்கிற குக்கிராமம் கிடக்கிறது. ஒரு சின்னக் கோவில், ஒரு விடுதி, சில பண்ணை வீடுகள், அவ்வளவுதான் ஊர். இங்கிலாந்தில் இந்த மாதிரி ஊர்கள் எத்தனையோ. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் செத்த பிறகு எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று தேடிப் போனால், ஊரின் மொத்த வரலாறும் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

முதலில் நிலம். மார்டேல் பனிப்பாறை குடைந்த பள்ளத்தாக்கு. மூன்று பக்கமும் மலை. மேற்கே இருக்கும் மலைக்குப் பெயர் ஹை ஸ்ட்ரீட், உயரம் 828 மீட்டர். மலைக்கு எப்படி ‘தெரு’ என்று பெயர் வந்தது? ரோமானியர்கள் அதன் முகட்டின் மேலேயே சாலை போட்டிருந்தார்கள். ‘டேல்’ என்றால் பள்ளத்தாக்கு. வைக்கிங் காலத்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் விட்டுப்போன சொல் அது. இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்களில் பாதி அவர்கள் மொழிதான்.

இங்கே பிழைப்பு ஆடுதான். மேய்ச்சல் நிலம் வேலி இல்லாத மலை. ஒருவர் ஆடு இன்னொருவர் பள்ளத்தாக்குக்குப் போய்விடும். அதனால் காதில் வெட்டு, ரோமத்தில் சாயக்குறி என்று ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் அடையாளம். இந்த அடையாளங்களையெல்லாம் தொகுத்து அச்சிட்ட கையேடுகள்கூட உண்டு. வழிதவறி வந்த ஆடுகளை உரியவரிடம் ஒப்படைக்க இடையர்கள் வருடம் ஒருமுறை கூடுவார்கள். அந்தக் காலத்தில் ஹை ஸ்ட்ரீட் உச்சியில் கூடியவர்கள், பிறகு மார்டேலின் டன் புல் விடுதிக்கு இறங்கி வந்தார்கள். ஆட்டை ஒப்படைத்தாகிவிட்டால் அப்புறம் பாட்டு, குடி, கும்மாளம்.

இப்போது கோவில் விஷயம். மார்டேலில் இருந்தது தனி அதிகாரம் உள்ள கோவில் இல்லை; ஷாப் என்ற ஊரின் தாய்க்கோவிலுக்குக் கீழ்ப்பட்ட சிற்றாலயம். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் செய்யலாம், ஆனால் இறந்தவரைப் புதைக்கும் உரிமை தாய்க்கோவிலுக்குத்தான். புதைப்பதற்கு வசூலிக்கும் கட்டணமும் அங்கேதான் போகும், அதனால் அந்த உரிமையைச் சுலபத்தில் விட்டுத்தர மாட்டார்கள். ஆகவே மார்டேலில் ஒருவர் இறந்தால் உடலைக் குதிரை மேல் கட்டி, செங்குத்தான மலையேறி, ஸ்விண்டேல் பள்ளத்தாக்கில் இறங்கி, ஷாப் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். பனிக்காலத்தில் அது என்ன பாடாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பாதைக்கு இன்றைக்கும் ‘பிணப்பாதை’ என்றுதான் பெயர், நடைபயணிகள் அதில் போகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில்தான் மார்டேலுக்குச் சொந்த இடுகாடு கிடைத்தது. கடைசி உடல் அந்த மலையைத் தாண்டியது 1736-ல்.

அதற்கு அப்புறம் இருநூறு வருஷம் ஊர்க்காரர்கள் சொந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டார்கள். பிறகு மான்செஸ்டர் வந்தது.

பருத்தி ஆலைகளால் பெருத்த நகரம் மான்செஸ்டர். காலராவை அனுபவித்த ஊர் என்பதால் சுத்தமான தண்ணீரின் அருமை அதற்குத் தெரியும். ஏரி மாவட்டத்தின் தர்ல்மியர் ஏரியிலிருந்து 1894-லேயே தண்ணீர் கொண்டுபோக ஆரம்பித்திருந்தது, அது போதவில்லை. அடுத்துக் கண்ணில் பட்டது ஹாஸ்வாட்டர். மழை அதிகம், உயரமான இடம், மேலே தொழிற்சாலை எதுவும் கிடையாது. 1919-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி அனுமதி தந்தது. 1929-ல் வேலை தொடங்கியது. 470 மீட்டர் நீளம், 27.5 மீட்டர் உயரத்தில் கான்கிரீட் அணை. ஏரியின் மட்டம் 29 மீட்டர் ஏறும் என்பது திட்டம். பள்ளத்தாக்கின் அடியில் இருந்த ஊருக்கு அதற்குமேல் கணக்கு தேவையில்லை.

1935 ஆகஸ்டில் கோவிலில் கடைசி ஆராதனை. உள்ளே எழுபத்துச் சொச்சம் பேருக்குத்தான் இடம், மற்ற கூட்டம் வெளியே நின்று ஒலிபெருக்கியில் கேட்டது. இடுகாட்டிலிருந்து 97 பேரின் எச்சங்களைத் தோண்டி எடுத்து மறுபடி புதைத்தார்கள். எங்கே? ஷாப்பில்! எந்த ஊருக்குப் பிணத்தைச் சுமக்க வேண்டாம் என்று தனி இடுகாடு வாங்கினார்களோ, அதே ஊருக்குப் பேரப்பிள்ளைகளின் காலத்தில் திரும்பிப் போனார்கள். கோவிலைப் பிரித்து அதன் கற்களை அணையின் கட்டுமானத்துக்கே பயன்படுத்தினார்கள். வீடுகளை ராணுவப் பொறியாளர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். டன் புல்லுக்குப் பதிலாக மான்செஸ்டர் மாநகராட்சி கரையில் ஒரு ஹோட்டலைக் கட்டிக் கொடுத்தது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? எனக்கு அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. லட்சக்கணக்கான பேருக்குக் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வந்தது உண்மை. 1955-ல் முடிந்த கால்வாய், நூறு கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தைப் புவியீர்ப்பாலேயே கடக்கிறது. ஆனால் பலன் ஒரு இடத்தில், இழப்பு இன்னொரு இடத்தில். இழந்தவர்கள் எண்ணிக்கையில் சொற்பம் என்பதாலேயே கணக்கு எளிதாக முடிந்துபோனது என்பதும் உண்மை.

கடும் வறட்சி வந்தால் ஊர் வெளியே தெரியும். 1984, 1995, 2003, 2021, 2022 என்று பல தடவை தெரிந்திருக்கிறது. சேறு வெடித்த தரையில் கல் வேலிகள் வரிசையாக நிற்கும், சின்னக் கல் பாலமும் தெரியும். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் பார்க்க வருவார்கள்.

நேரில் போக முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய நில அளவை வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, இங்கிலாந்துக்கும் சேர்த்து. பழையதையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நான் வுட் ஹவ் என்ற பெயரைத் தேடினேன். இன்றைய படத்தில் அது மரம் அடர்ந்த குட்டித் தீவு. பழைய படத்தில் அது ஊருக்குப் பக்கத்தில் நின்ற ஒரு சாதாரணக் குன்று.